ரெஜிஸ்டரில் செழித்த குண்டுமல்லி

புதிதாகத் தோட்ட மாலி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உரம், மண் கலவை, பூச்சி மருந்து எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதை நான் வேறு எழுதி உங்கள் உயிரை வாங்க மாட்டேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதும் தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சிரிப்பு வந்தால் நிறுத்திச் சிரித்துவிட்டு மேலே போங்கள்.

நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவள். வீட்டு வேலைக்கென்று போய், பால்கனியில் கிடந்த தொட்டிகளைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல் இந்தத் தொழிலுக்குள் வந்து விழுந்தேன். செம்பூர், மாட்டுங்கா, சான்பாடா என்று வாளியும் கத்தரிக்கோலுமாக லோக்கல் டிரெயினில் அலைந்தவள், இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் சுனாபட்டியில் மகள் வீட்டில் உட்கார்ந்து அவள் செடிகளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம்மைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகச் செடி வைக்கிறவர்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்ற வேண்டும்? அதற்கு நான் பதில் சொல்வதில்லை. எழுதி வையுங்கள், செடியே சொல்லும் என்பேன். எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில், தினமும் கிழிக்கிற தமிழ்க் காலண்டரில் ராகு காலத்துக்குக் கீழே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறாள். அவள் மாமனார் தினமும் காலையில் அந்தத் தாளைக் கிழித்து, கோயில் விபூதியை மடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். கத்தரி விதைத்த தேதி யாருடைய சட்டைப் பையில் போனதோ, இன்றுவரை தெரியாது. அதன் பிறகு நான் எல்லோருக்கும் சொல்வது அடுக்களையில் தொங்குகிற மாதக் காலண்டரைத்தான். பால் வராத நாளும் கேஸ் சிலிண்டர் வந்த நாளும் அதில்தான் ஏறுகின்றன. கை ஏற்கெனவே போகிற இடத்தில் எழுதினால் பழக்கம் தங்கும்.

என்ன எழுதுவது என்பதுதான் பெரிய பாடம். அதை நான் கற்றுக்கொண்டது செம்பூர் ராமநாதன் சார் வீட்டில்.

சார் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடியில் வீடு. பால்கனித் தோட்டம் அவருடையதல்ல, அவர் மனைவி விசாலம் மாமியுடையது. மகளுக்குப் பிரசவம் என்று மாமி மழைக்காலத் தொடக்கத்தில் அமெரிக்கா கிளம்ப வேண்டி வந்தது. மகளைப் பார்க்க ஆசை, ஆனால் செடிகளை விட்டுவிட்டுப் போக மனசில்லை. அதிலும் நீல டிரம்மில் இருந்த அந்தக் குண்டுமல்லி, மாமி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் வைத்தது. டிக்கெட் எடுத்த பிறகும் போகலாமா வேண்டாமா என்று நின்றிருக்கிறாள்.

அப்போது சார் ஒரு வாக்குக் கொடுத்தார். “தண்ணி ஊத்தறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நீ நிம்மதியாப் போயிட்டு வா. நீ வந்து எறங்கறச்சே இந்தச் செடிப் பூவையே ஒரு முழம் கட்டி ஏர்போர்ட்டுக்கு எடுத்துண்டு வரேன்.”

மாமி திரும்பி வருவது மார்கழியில். மார்கழியில் எந்தக் குண்டுமல்லி முழம் கணக்கில் பூக்கிறது? சார் அந்தச் செடியை எவ்வளவு பார்த்திருக்கிறார் என்பது அந்த வாக்கிலேயே தெரிந்துவிட்டது. மாமி தலையாட்டிவிட்டு விமானம் ஏறினாள்.

தீபாவளி கழிந்து சார் எனக்குப் போன் செய்தார். எதிர்வீட்டு மாமி என் நம்பரைக் கொடுத்தாளாம். போனதும், “செடி எங்க சார்?” என்றேன்.

“செடி எங்கேயும் ஓடிப் போகாது. மொதல்ல இதைப் பாரு செல்வி” என்று ஒரு நீளமான ரெஜிஸ்டரை என் முன்னால் வைத்தார்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, செடியின் பெயர், தண்ணீர், நிலைமை, கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. குண்டுமல்லிக்கு நேரே எல்லா நாளும் ஒரே வாசகம்: ‘ஊற்றப்பட்டது. திருப்தி.’ பக்கத்தைப் புரட்டினேன். மழை கொட்டி, சயான் ஸ்டேஷனில் தண்டவாளம் தெரியாமல் தண்ணீர் நின்று, டிரெயின் ஓடாத நாளிலும் ‘ஊற்றப்பட்டது. திருப்தி.’ இன்னும் புரட்டினேன்.

“சார், இது நாளன்னிக்குத் தேதில்லா?”

“ஆமாம். ஞாயித்துக்கிழமை கார்த்தால ஒக்காந்து வாரம் பூராவுக்கும் போட்டுடுவேன். ஆபீஸ்ல அப்படித்தான் பழக்கம். இன்ஸ்பெக்‌ஷன் வந்தா ரெடியா இருக்கணுமோல்லியோ?”

“அப்போ நாளன்னிக்கும் செடி திருப்தியா இருக்கும்னு இன்னைக்கே தெரிஞ்சு போச்சா சார்?”

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவருடைய ஆபீஸில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

பால்கனிக்குப் போனேன். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள். தொட்டதும் இலை கையோடு வந்தது. மண்ணில் விரலை விட்டால் சேறு. சாக்கடை வாடை.

“மஞ்சளாறதே, தாகம் போலிருக்குன்னு ஒரு சொம்பு கூடவே ஊத்தினேன்” என்றார் சார்.

“தாகமில்ல சார், முங்கிக் கெடக்கு” என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த ரெஜிஸ்டர மூடி வைங்க. நீங்க என்ன செஞ்சீயன்னு எழுத வேண்டாம். என்ன பாத்தீயன்னு எழுதுங்க. சாயங்காலம் மண்ணுல விரல விட்டுப் பாருங்க. ஈரமா, காய்ஞ்சிருக்கா, அத மட்டும் அன்னன்னைக்குக் காலண்டர்ல எழுதுங்க. ஈரம்னா ஊத்தாதீய.”

சத்தம் போட்டுவிட்டோமே, இனி கூப்பிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். ஆனால் மனுஷர் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது காலண்டர் கட்டம் போதாமல் தாள் ஒட்டி எழுதியிருந்தார். ‘விரல் விட்டேன். ஈரம். ஊற்றவில்லை. மனது கேட்கவில்லை.’ ‘ஈரம். ஊற்றவில்லை. இலை உதிர்கிறது. நான் என்ன செய்வேன்.’ ‘விரல் விட்டேன். மண்புழு. கை கழுவினேன்.’ படித்துவிட்டு நான் அடுக்களையில் நின்று சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகு எனக்கு உறைத்தது. மழை நின்று எத்தனை காலம் ஆகிறது. வெயிலும் அடிக்கிறது. அவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அப்படியும் ஒவ்வொரு கட்டத்திலும் ஈரம், ஈரம், ஈரம்.

“சார், ஊத்தலைன்னு எழுதிருக்கீய. மண்ணு ஈரமா இருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய்.”

“நான் பொய் எழுதலை” என்றார். நான் நம்பினேன். பொய் எழுதுகிறவன் மண்புழுவை எழுத மாட்டான்.

மறுநாள் காலை சார் நடைக்குக் கிளம்பும்போதே போய், அவர் போன பிறகும் பால்கனியில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டு வேலை செய்யும் சுனந்தா அரிசி கழுவிய தண்ணீரோடு வந்தாள், நேரே டிரம்மில் கவிழ்த்தாள். என்ன செய்கிறாய் என்று இந்தியில் கத்தினேன்: “ஏய், க்யா கர்தி ஹை?” “பாபி போல்கே கயீ நா!” என்றாள் அவள். விசாலம் பாபிதான் சொல்லிவிட்டுப் போனாளாம். சார் மறந்துவிடுவார், நீ ஊற்று, ஆனால் அவரிடம் சொல்லாதே, மனசு கஷ்டப்படுவார் என்று.

அதை நான் ஜீரணிப்பதற்குள் வாசலில் சாவி திரும்புகிற சத்தம். எதிர்வீட்டு மாமி, கையில் செப்புக் குடம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் குடத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“விசாலம் சொல்லிட்டுப் போனா” என்றாள் மெதுவாக. “அவருக்குத் தெரிய வேண்டாம்னா. மனசு கஷ்டப்படுவாராம்.”

ஒருவருக்கு இன்னொருவர் ஊற்றுவது தெரியாது. ஒரு மனுஷனுடைய மனசு நோகக்கூடாது என்று ஆளாளுக்கு ரகசியமாக ஊற்றி ஒரு செடியை முக்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சார் வந்ததும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, ஊற்றுவது நிற்க வேண்டுமே. அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, “அவளுக்கு என்கிட்ட அவ்வளவுதான் நம்பிக்கை” என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. அன்றிலிருந்து அது வெறும் செடிப் பிரச்சினையாக இல்லை. மாமி வந்து இறங்கும்போது அந்த மனுஷர் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கே வந்துவிட்டது.

வைராக்கியம் இருந்து என்ன, வேர் அழுகிவிட்டதே. தண்ணீர் ஊற்றுவது நின்ற பிறகும் இலை கொட்டிக்கொண்டே இருந்தது. மாமி காலையில் வீடியோ காலில் வந்து செடியைக் காட்டச் சொல்வாள். சார் டிரம்மைத் திருப்பிப் பச்சைப் பக்கத்தைக் காட்டுவார். போகப் போகப் பச்சை ஒரே ஒரு கிளையில்தான் மிச்சம். போனை அதன் மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொள்வார். “என்னன்னா, எப்பப் பாத்தாலும் க்ளோசப்லயே காட்டறேள்?” என்று மாமி கேட்டதை நானே ஒரு நாள் காதால் கேட்டேன்.

மாமி வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சார் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் யாருமில்லாதபோதும் குரலைத் தாழ்த்தினார். “செல்வி, நர்சரியில சேம் டு சேம் ஒண்ணு கிடைக்குமோ? அதே டிரம்முல வச்சுடலாம். அவளுக்குத் தெரியவா போறது?”

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். நல்ல மனுஷர்கள்தான் கேட்பார்கள். அதனால்தான் சட்டென்று மறுக்க முடியாது. எனக்கும் நாக்கு நுனிவரை ‘சரி’ வந்தது. அதே உயரத்தில் குண்டுமல்லி எந்த நர்சரியில் நிற்கிறது என்றுகூடத் தெரியும். சார் முகம் மலரும், மாமி மனசு குளிரும், என் வேலை முடியும். செடியின் அடித்தண்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை.

“உசிரு இருக்கு சார். உசிரு இருக்கத நான் தூக்கிப் போட மாட்டேன். வேற செடிய வச்சீயன்னா, நாளையிலேர்ந்து நீங்க எழுதுற ஒவ்வொரு வரியும் அந்தப் பழைய ரெஜிஸ்டர் மாதிரிதான்.”

“அப்போ என்ன பண்றது?”

“வேரையும் வெட்டணும், மேலயும் வெட்டணும். வெறும் குச்சியா நிக்கும்.”

“அவ வர அன்னிக்கா? வெட்டாம விட்டா?”

“மாமி வர்ற அன்னைக்கு ரெண்டு இலை இருக்கும். அடுத்த மாசம் செடி இருக்காது.”

“வெட்டினா?”

“பொழைக்கலாம்.”

“பொழைக்கும்னு சொல்ல மாட்டேங்கறியே” என்றார். தெரியாததை எப்படிச் சொல்வது? “விசாலம் இதை ஒரு நாளும் வெட்டினதில்லை. இத்தனை வருஷமாப் பாத்துண்டிருக்கேன்” என்றார். மார்கழியில் மல்லியை வெட்டுவது வழக்கந்தான். ஆனால் வெட்டியே பழகாத பழைய செடி, வேரும் அழுகியிருக்கிறது. தாங்குமா?

சார் “வெட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

டிரம்மைச் சாய்த்தேன். கறுத்த வேரையெல்லாம் எடுத்தேன். வெள்ளை வேர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேலே வெட்டப் போனபோது கணுக்களுக்குக் கீழே சாய்வாகப் பழைய தழும்புகள் தெரிந்தன.

“சார், இதுக்கு முன்னாடி யாரோ வெட்டிருக்காவ.”

“புறா ஒடிச்சிருக்கும்” என்றார் வலைக்குப் பின்னாலிருந்து.

“புறா கத்தரிக்கோலோட வந்துச்சா சார்?”

“செம்பூர் புறா எதுவும் பண்ணும்.”

நான் வாதாடவில்லை. ஆனால் அந்தத் தழும்பைப் பார்த்ததும் கைக்குத் தெம்பு வந்தது. வீட்டுக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு தண்டையும் ஒரு முறை பாருங்கள். செடி தன் மேல் நடந்ததை மறைக்காது.

தரையெல்லாம் குச்சியாகக் கிடக்கும்போது சார் போன் அடித்தது. வீடியோ கால். மாமி. சார் என்னைப் பார்த்தார்.

“எடுங்க சார். இருக்கத அப்படியே காட்டுங்க” என்றேன். அவர் எடுக்கவில்லை. அன்றைய கட்டத்தில் இப்படி எழுதினார்: ‘வெட்டியாயிற்று. விசாலத்திடம் சொல்லவில்லை. பயம்.’

மாமி வருகிற அன்று, “நீயும் கூட இரு செல்வி” என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போனார். நானும் சுனந்தாவும் வீட்டில் காத்திருந்தோம். மாமி கடைப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே பால்கனிக்குப் போனாள். சார் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பெரிய ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

“விசாலம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினார். மாமி குனிந்து குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு வெட்டினா?”

“நாந்தான் மாமி” என்றேன்.

“அப்பாடா!” என்று மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அங்க எனக்கு இதே கவலைதான் போ. தண்ணிக்கு ஆள் வச்சுட்டுப் போனேன். மார்கழி பொறந்தா வெட்டணுமே, அதை யார்கிட்டயும் சொல்லாம வந்துட்டேனேன்னு. போன்ல சொன்னா இவர் பாட்டுக்கு எதையாவது அடியோட வெட்டி வைப்பாரோன்னு பயம்.”

சார் நம்பவில்லை. “நீ வெட்டுவியா? எப்போ? நான் பாத்ததே இல்லையே!”

“வருஷா வருஷம் வெட்டறேன். நீங்க இதே நாற்காலில உக்காந்துண்டு பேப்பர் படிச்சிண்டிருப்பேள். குச்சியெல்லாம் பெருக்கணும், காலைத் தூக்குங்கோம்பேன். தூக்குவேள்.”

நான் சிரிப்பை மறைக்க கிரில் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுனந்தாவுக்குத் தமிழ் புரியாது, ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்து அவள்தான் முதலில் சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு மாமி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எந்தத் தேதில வெட்டுவே? சொல்லு.”

“தேதியெல்லாம் யாரு கண்டா? கார்த்தால டிரம்மைத் தொட்டா சில்லுன்னு இருக்கும். அப்போ.”

“எவ்வளவு விடுவே?”

மாமி வாயால் சொல்லத் தெரியாமல் கையை விரித்துக் காட்டினாள். சார் அதை ஸ்கேல் வைத்து அளந்தார். அதுவரை யாரும் மாமியிடம் கேட்டதில்லை. நானும் அமெரிக்காவுக்கு ஒரு போன் போடவில்லை. நீங்கள் போடுங்கள். வளர்த்தவர்களிடம் கேளுங்கள், கேட்டதை அவர்கள் கண் முன்னாலேயே எழுதுங்கள்.

செடி பிழைத்ததா என்று கேட்பீர்கள். பங்குனியில் எனக்கும் சுனந்தாவுக்கும் ஆளுக்கு ஒரு முழம் வந்தது. எதிர்வீட்டு மாமிக்கு இரண்டு முழம், குடம் எடுத்து நடந்த கூலியாம்.

ஆனால் எனக்கு அந்தப் பூவைவிட, மாமி வந்து இறங்கிய அந்த நாள்தான் ஞாபகத்தில் நிற்கிறது. காபி குடித்துக்கொண்டே மாமி காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மண்புழுவுக்குச் சிரித்தாள். ‘பயம்’ என்று எழுதியிருந்த கட்டத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அடுத்த மார்கழிக்கு நீங்களே வெட்டுங்கோ” என்றாள். “நான் நாற்காலில உக்காந்துண்டு காலைத் தூக்கறேன்.”

சார் அதையும் எழுதிக்கொண்டார்.